இறுகிப்போன ஆறு இன்ஜெக்டர்கள்: காவேரிப்பட்டணத்தில் ஒரு கப்பல் இன்ஜின்

கடலே இல்லாத ஊரில் கப்பல் இன்ஜின் எதற்கு என்று கேட்பவர்கள் 2012-ஐ மறந்திருப்பார்கள். சென்னைக்கு வெளியே மின்வெட்டு ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்தைத் தாண்டிய காலம் அது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கிரானைட் அறுப்பவர்களும் மாங்கூழ் போடுபவர்களும் எந்த ஜெனரேட்டர் கிடைத்தாலும் வாங்கினார்கள். புதிதாக வாங்க வசதி இல்லாதவர்களுக்கு குஜராத்தில் பாவ்நகர் பக்கம் ஆலங் கடற்கரை கைகொடுத்தது. அங்கே உடைக்கப்படும் கப்பல்களில் இருந்து துணை இன்ஜின்கள் லாரி லாரியாகத் தெற்கே வந்தன. துணை இன்ஜின் என்பது கப்பலை ஓட்டுவது அல்ல. கப்பலுக்குள் விளக்கு, பம்பு, கிரேன் எல்லாவற்றுக்கும் மின்சாரம் கொடுப்பது. மெதுவாக ஓடும், கனமாக இருக்கும், ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் ஒரு தலைமுறை உழைக்கும்.

இந்த ஆய்வு அப்படி வந்த ஒரு ஜப்பான் இன்ஜினைப் பற்றியது. ஆறு சிலிண்டர், ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி ஹெட் (மேல்மூடி), அழுத்தக் காற்றில் ஸ்டார்ட் ஆகும் வகை. காவேரிப்பட்டணத்துக்குப் பக்கத்தில் ஒரு மாங்கூழ் ஆலையில் நிற்கிறது. மின்வெட்டுக் காலம் முடிந்த பிறகு அது காத்திருப்பு ஜெனரேட்டர் ஆகிவிட்டது. ஆலைக்கு அது இன்னும் தேவைதான். பெங்களூரா காய் வரத்து உச்சத்தில் இருக்கும்போது கூழைச் சூடாக்கிக் கிருமி நீக்கிப் பையில் நிரப்பும் வரிசை நடுவில் நின்றால், வரிசை முழுவதையும் மறுபடி கிருமி நீக்கித்தான் தொடங்க வேண்டும். உள்ளே இருந்த கூழும் வீண், நேரமும் வீண்.

என்னைக் கூப்பிட்டது சீசனுக்கு முன்னால். புகார்கள் மூன்று. ஸ்டார்ட் செய்ததும் வெகுநேரம் வெள்ளைப்புகை. நான்காம் சிலிண்டர் பக்கம் தட்டல் சத்தம். மூன்றாவதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது: ஆயில் அளவுக்குச்சியில் மட்டம் குறையாமல் ஏறிக்கொண்டே போனது. ஆயில் மட்டம் தானாக ஏறினால் ஒன்று தண்ணீர் சேர்கிறது, இல்லை டீசல் சேர்கிறது. குச்சியைத் தொட்டு முகர்ந்தாலே டீசல் வாசனை. சிலிண்டருக்குள் டீசலைத் தெளிப்பது இன்ஜெக்டர், அதன் நுனியில் இருக்கும் நாசிலைத் திறந்து மூடுவது ஓர் ஊசி. எங்கோ ஒரு ஊசி சரியாக மூடாமல் சொட்டுகிறது, எரியாத டீசல் லைனர் (சிலிண்டரின் உள்சுவர்) வழியாகக் கீழே இறங்குகிறது. ஆக ஆறு இன்ஜெக்டரையும் கழற்றி சோதனை மேசையில் போட வேண்டும். சொல்வதற்குச் சுலபம்.

ஆறும் அசையவில்லை.

முன்பு நடந்த வைத்தியம்

எனக்கு முன்னால் யாரோ முயன்றிருக்கிறார்கள். இரண்டாம் ஹெட்டில் ஒரு ஸ்டட் (தலையில்லாத மரைக் கம்பி) வளைந்திருந்தது, இன்ஜெக்டர் தலைக்கு அடியில் கடப்பாரை நெம்பிய தழும்பு. ஆறாம் சிலிண்டரில் இன்னும் மோசம். இந்த வகை இன்ஜின்களில் உயர் அழுத்த டீசல் குழாய் இன்ஜெக்டரின் தலைக்கு வராது. ஹெட்டின் பக்கவாட்டில் ஒரு துளை வழியாக உள்ளே போய், இன்ஜெக்டர் உடம்பில் பொருந்தி நிற்கும் கனெக்டர் ஒன்று உண்டு. அதைக் கழற்றாமல் இன்ஜெக்டரை மேலே இழுப்பது, இடுப்பில் ஆணி அடித்து வைத்துவிட்டுத் தலைமுடியைப் பிடித்து எழுப்புவது மாதிரி. ஆறாவதில் அதுதான் நடந்திருந்தது. கனெக்டரின் முனை வளைந்து, உட்காரும் இடமும் கீறியிருந்தது.

ஆலையின் பராமரிப்பு ஃபோர்மேன் அனுபவசாலி. பழைய லாரிகளில் கை பழகியவர். அவர் சொன்ன வழி எல்லாப் பட்டறையிலும் தெரிந்த வழிதான்.

"கிளாம்ப் நட்டை ரெண்டு மரை லூஸ் பண்ணிட்டு ஸ்டார்ட் பண்ணுங்க சார். கம்ப்ரஷன்லயே எகிறி வெளிய வந்துரும்."

"வந்தா நல்லதுதான் அண்ணா, ஆனா எவ்வளவு தள்ளும்னு ஒரு கணக்குப் போட்டுப் பாக்கலாம்" என்றேன்.

கணக்கு இதுதான். எரியறைப் பக்கம் தெரியும் இன்ஜெக்டர் மூக்கின் விட்டம் சுமார் 20 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் பரப்பு 3 சதுர சென்டிமீட்டரைச் சற்றுத் தாண்டும். பிஸ்டன் காற்றை நசுக்கும் கம்ப்ரஷன் அழுத்தம் 30 பார் (ஒரு பார் என்பது சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ) என்றால் தள்ளும் விசை 100 கிலோவுக்கும் குறைவு. எரியும்போது 100 பார் வரை போனாலும் 300 கிலோ பக்கம்தான். ஒரு நல்ல இழுவைக் கருவி டன் கணக்கில் இழுக்கும்போது அசையாத பொருளை 300 கிலோ என்ன செய்யும்? கார்பன் மட்டும் பிடித்திருந்தால் திரும்பத் திரும்ப வரும் அதிர்வில் விடலாம். விட்டால், அது எங்கே போய் விழும் என்பது அடுத்த கேள்வி. கூடவே நெருப்பும் வரும். தலைக்கு மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை, பக்கத்தில் டீசல் தொட்டி. சிறிய இன்ஜினில் வெட்டவெளியில் செய்பவர்கள் செய்யட்டும். இங்கே வேண்டாம் என்று முடிவானது. ஃபோர்மேன் ஒத்துக்கொண்டார், ஆனால் முழு மனசோடு இல்லை.

எது பிடித்திருக்கிறது?

இறுகிய இன்ஜெக்டரைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலோர் எப்படி இழுப்பது என்பதில் இருந்து தொடங்குகிறார்கள். என் எண்ணத்தில் அது இரண்டாவது கேள்வி. எது பிடித்திருக்கிறது என்பதே முதல் கேள்வி.

இன்ஜெக்டர் உட்காரும் குழியை மேலிருந்து கீழே யோசித்துப் பாருங்கள். மேலே ஒரு ரப்பர் ஓ-ரிங், தண்ணீரும் தூசும் உள்ளே போகாமல் காக்க. அதற்குக் கீழே இன்ஜெக்டரின் நீண்ட உடம்பு, சுற்றிலும் மெல்லிய இடைவெளி. அந்த இடைவெளிக்கு வெளிச்சுவர் ஹெட்டின் வார்ப்பு அல்ல, செம்பு ஸ்லீவ், அதாவது குழாய் மாதிரி ஓர் உறை. ஸ்லீவுக்கு அந்தப் பக்கம் குளிர்விக்கும் தண்ணீர். கடைசியில் அடியில் ஒரு காப்பர் வாஷர். எரியறையின் வாயு மேலே ஏறாமல் தடுப்பது அதுதான்.

மேலே ஓ-ரிங் கெட்டால் ஈரம் இறங்கி, உடம்பைச் சுற்றித் துரு பிடிக்கும். கீழே காப்பர் வாஷர் கசிந்தால் எரிந்த வாயு மேலேறி, இடைவெளியைக் கார்பனால் அடைக்கும். வெளியே நின்று பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும், இன்ஜெக்டர் அசையாது. மருந்து மட்டும் வேறு. துருவுக்கு மேலிருந்து ஊற்றும் எண்ணெய் வேலை செய்யும், பொறுமை இருந்தால். கார்பன் கீழே அடர்ந்து கிடந்தால் எண்ணெய் அதற்குள் எளிதில் இறங்காது. அங்கே சூடும், சிறு திருப்பலும் வேண்டும்.

கண்டுபிடிக்க ஒரு எளிய சோதனை உண்டு. முதலில் பாதுகாப்பு: காற்று சிலிண்டரைக் காலி செய்து, ஸ்டார்ட்டிங் வால்வை மூடிப் பூட்டினோம். காற்றில் ஸ்டார்ட் ஆகும் இன்ஜினில் கை வைக்கும் எவரும் இதைத் தவிர்க்கக் கூடாது. அதுவும் ஃப்ளைவீலில் கம்பி செருகித் திருப்பும்போது யாராவது வால்வைத் திறந்தால் அந்தக் கம்பி ஆளை அடித்துவிடும். டீசல் வரத்தை மூடினோம். பிறகு ஒவ்வொரு இன்ஜெக்டரின் குழியையும் வாக்குவம் வைத்து உறிஞ்சி, அழுக்கில்லாமல் துடைத்து, இளகிய எண்ணெயை விளிம்பு வரை ஊற்றினோம். இண்டிகேட்டர் காக்குகளை (ஒவ்வொரு சிலிண்டரின் காற்றையும் வெளியே விடும் சிறு குழாய்த் திறப்புகள்) மூடி வைத்து, இன்ஜினைக் கையால் மெதுவாகத் திருப்பினோம். ஒவ்வொரு சிலிண்டரும் கம்ப்ரஷனுக்கு வரும்போது குழியைக் கவனித்தால் போதும்.

ஒன்று, மூன்று, நான்கில் குமிழ்கள் வந்தன. நான்காவதில் நன்றாகவே கொப்பளித்தது. இரண்டாவதில் அங்கொன்று இங்கொன்று. ஐந்திலும் ஆறிலும் ஒரு குமிழ்கூட இல்லை, மறுநாள் காலை வரை எண்ணெய் மட்டமும் இறங்கவில்லை. அதாவது முதல் நான்கில் கீழே வாயு கசிகிறது, கார்பன் இருக்கும். ஐந்திலும் ஆறிலும் கீழ்ப்பக்கம் நன்றாக இருக்கிறது, மேலே துரு அடைத்திருக்கிறது.

அந்த இரண்டும் ஏன்? நிமிர்ந்து பார்த்தால் பதில் கூரையில் இருந்தது. ஐந்து, ஆறுக்கு நேர் மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டில் விரிசல். ஐப்பசி கார்த்திகை மழை முழுக்க அந்த இரண்டு ஹெட்டுகளின் மேல் சொட்டியிருக்கிறது. போதாததற்கு, சீசன் முடிவில் ஆலையைக் கழுவும்போது ஜெனரேட்டர் அறைக்கும் ஹோஸ் பிடிப்பது வழக்கமாம். "சுத்தமா இருக்கணும்ல சார்" என்றார்கள். உணவு ஆலையில் அந்தப் பழக்கத்தைக் குறை சொல்ல முடியாது. இன்ஜின் மேல் மட்டும் ஒரு தார்ப்பாய் போட்டிருக்கலாம்.

முதல் நான்கின் கார்பனுக்குக் காரணம் வேறு, அது இன்ஜின் கரைக்கு வந்த விதத்தில் இருக்கிறது. கப்பல்களில் பெரும்பாலும் 440 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் மின்சாரம். இந்த இன்ஜின் அங்கே நிமிடத்துக்கு 1200 சுற்றில் ஓடியது. நம் ஊர் 50 ஹெர்ட்ஸுக்காக அதை 1000 சுற்றுக்கு இறக்கினார்கள். அதே ஆல்டர்னேட்டரில் (இன்ஜின் சுற்றி மின்சாரம் உண்டாக்கும் பாகம்) சுற்றைக் குறைத்தால் ஃப்ரீக்வன்சி அதே விகிதத்தில் குறையும், அது சரிதான். ஆனால் இன்ஜினின் முழுத்திறனும் ஆறில் ஒரு பங்கு குறையும், டர்போ தரும் காற்றும் குறையும். இதற்கு மேல், மின்வெட்டு தீர்ந்த பிறகு இந்த இன்ஜினுக்குச் சுமையே இல்லை. வாரத்துக்கு ஒருமுறை ஸ்டார்ட் செய்து, சுமை எதுவும் போடாமல் கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்துவார்கள். டீசல் இன்ஜினுக்கு இது நல்ல உடற்பயிற்சி என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் சுமை இல்லாமல் ஓடும் டீசல் இன்ஜின் சூடேறாது. சூடேறாத எரியறையில் டீசல் முழுதாக எரியாமல் பிசுக்காகவும் கரியாகவும் படியும். அந்தக் கரிதான் நாசில் நுனியிலும் வாஷரைச் சுற்றியும் சேர்கிறது.

கப்பலில் இதே இன்ஜெக்டர்களை ஏறத்தாழ 2000 மணி ஓட்டத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்துச் சோதித்துவிடுவார்கள். இறுக நேரமே இருக்காது. இங்கே மணி மீட்டர் பார்த்தால் இத்தனை வருடத்தில் ஓடியது சொற்பம், எனவே 'இன்னும் சர்வீஸ் வரவில்லை' என்று விட்டுவிட்டார்கள். ஓடாமல் நின்ற வருடங்களை மணி மீட்டர் எண்ணுவதில்லை.

இழுவைக் கருவி

கருவியைக் கிருஷ்ணகிரியில் ஒரு லேத் பட்டறையில் செய்தோம். ஹெட்டின் திண்மையான விளிம்புகளில் உட்காரும்படி இரண்டு கால் வைத்த கனமான இரும்புப் பாலம். நடுவில் ஓட்டை, அதன் வழியாக ஈ.என்.24 என்ற உறுதியான இரும்பில் கடைந்த 16 மி.மீ. ஸ்டட். கீழ்முனை இன்ஜெக்டரின் மரையில் ஏறும், மேல்முனையில் நட்டு. நட்டுக்கு அடியில் ஒரு த்ரஸ்ட் பேரிங், இல்லாவிட்டால் நட்டைத் திருப்பும்போது ஸ்டட்டும் சேர்ந்து திரும்பும்.

இதில் ஒரு விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். இன்ஜெக்டரின் மேலே தெரிகிற மூடியின் மரையைப் பிடித்து இழுக்கக் கூடாது. அது திரும்பிவரும் டீசலின் குழாயைத் தாங்கத்தான் இருக்கிறது, டன் கணக்கு விசைக்கு இல்லை. மூடியைக் கழற்றி, அழுத்தம் சரிசெய்யும் திருகு, ஸ்பிரிங், தள்ளுதண்டு எல்லாவற்றையும் எடுத்துவிட்டால், உடம்பின் உள்ளேயே கனமான மரை கிடைக்கும். ஆறு இன்ஜெக்டரின் உள்பாகங்களும் ஆறு தனித் தட்டுகளில், சிலிண்டர் எண் எழுதி வைக்கப்பட்டன. மரையின் இடைவெளியைப் பிட்ச் கேஜ் வைத்து அளந்த பிறகுதான் லேத்துக்குப் போனோம். ஏறக்குறையப் பொருந்துகிற மரை இரண்டு டன்னில் உரிந்து வந்துவிடும், பிறகு பிடிக்க ஒன்றும் இருக்காது.

விசைக் கணக்கு: 16 மி.மீ. ஸ்டட்டில் 100 நியூட்டன் மீட்டர் முறுக்கு கொடுத்தால் ஏறத்தாழ 3 டன் இழுவிசை வரும். சாதாரண டார்க் ரெஞ்சில் வருகிற முறுக்குதான் இது. ஸ்டட் இதைப்போல இரண்டு மடங்கைத் தாங்கும். ஆக நாங்கள் வைத்த எல்லை 5 டன். அதற்கு மேல் போனால் ஹெட்டைக் கழற்றுவது என்று முன்பே பேசி வைத்துக்கொண்டோம். எல்லையை முன்பே வைப்பது முக்கியம். பாதி வேலையில், எரிச்சலோடு நிற்கும்போது 'இன்னும் கொஞ்சம்தான்' என்று எல்லோருக்கும் தோன்றும்.

ஸ்லைடு ஹாமர் (கம்பியில் வழுக்கி அடித்து இழுக்கும் சுத்தியல்) கைவசம் இருந்தது, பயன்படுத்தவில்லை. கார் இன்ஜினில் அது நல்ல கருவி. இங்கே செம்பு ஸ்லீவ் இருப்பதால் அதிர்ச்சி விசை எனக்குப் பயம். நிலையான இழுவிசையை ஏற்றிவிட்டுக் காத்திருப்பதே என் வழி.

ஆவியில் சூடேற்றியது

கார்பன் பிடித்த நான்குக்கும் சூடு வேண்டும். இன்ஜினை ஓட்டிச் சூடேற்றலாம், ஆனால் இன்ஜெக்டரின் உள்பாகங்களைக் கழற்றிவிட்ட பிறகு ஓட்ட முடியாது. ஹெட்டில் கேஸ் டார்ச் காட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை, ஒரே இடத்தில் சூடேறினால் வார்ப்பிரும்பு விரிசல் விடும். இங்கேதான் மாங்கூழ் ஆலையாக இருந்தது உதவியது. பாய்லர் இருக்கிறதே! ஒரு திறந்த தொட்டியில் தண்ணீர் வைத்து, அதற்குள் ஆவியைவிட்டு 80 டிகிரிக்குக் கொண்டுவந்து, சின்ன பம்பு ஒன்றால் இன்ஜினின் தண்ணீர்ப் பாதையில் சுற்றவிட்டோம். யோசனை ஃபோர்மேனுடையது. ஆவிக் குழாயை நேரடியாக இன்ஜினுக்குக் கொடுக்காமல் திறந்த தொட்டி வழியாகக் கொடுத்ததால் அழுத்தம் ஏறும் ஆபத்தும் இல்லை.

சூட்டில் இரும்பும் செம்பும் வேறு வேறு அளவில் விரியும், அதனால் பிடி விடும் என்பார்கள். கணக்குப் போட்டால் இந்த விட்டத்துக்கு அந்த வித்தியாசம் நூறில் ஒரு மில்லிமீட்டர் அளவுதான். பெரிய உதவி வேறு இடத்தில் இருந்து வருகிறது: கார்பனோடு கலந்திருக்கும் பிசுக்கு இளகும், ஊற்றிய எண்ணெய் நீர்த்து உள்ளே இறங்கும்.

சூடு பிடித்த பிறகு தொட்டியின் பம்பை நிறுத்தி, தண்ணீரை முழுக்க வடித்தோம். இதையும் மறக்கக் கூடாது. இன்ஜெக்டரோடு ஸ்லீவும் வந்துவிட்டால், வடிக்காத தண்ணீர் அத்தனையும் நேராகச் சிலிண்டருக்குள் போகும்.

பிறகு திருப்பல். கனெக்டரை எடுத்த பின் இந்த வகை இன்ஜெக்டரைச் சுற்றத் தடையில்லை. ஆனால் முதலில் வலப்பக்கம் மட்டும். நாசிலைப் பிடித்திருக்கும் கேப் நட்டு உடம்பின் கீழ்முனையில் மரையாக ஏறியிருக்கிறது. கேப் நட்டு கார்பனில் சிக்கியிருக்கும்போது உடம்பை இடப்பக்கம் திருப்பினால், உடம்பு கேப் நட்டில் இருந்து கழன்று தனியாக மேலே வந்துவிடும். நாசிலும் நட்டும் அடியில் தங்கிவிடும். வலப்பக்கம் திருப்பினால் இறுகத்தான் செய்யும், இரண்டும் ஒன்றாகவே அசையும். ஒரு மயிரிழை அசைந்ததும் கொஞ்சம் எண்ணெய், திரும்ப வலப்பக்கம். அசைவு தாராளமான பிறகே இரு பக்கமும்.

மூன்றாவது முதலில் வந்தது. இழுவிசை 3 டன்னைத் தொடுவதற்கு முன்னால் 'டக்' என்று ஒரு சத்தம், பிறகு நட்டு லேசாகிவிட்டது. ஒன்றும் நான்கும் அதே வழியில், கொஞ்சம் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டு வந்தன. 3 டன்னில் நிறுத்தி வைத்துவிட்டு, ஸ்டட்டின் தலையில் சின்னச் சுத்தியலால் லேசாகத் தட்டிக்கொண்டே இருந்தோம். நட்டு தளர்ந்ததும் மறுபடி 3 டன். சாப்பிடப் போய்விட்டு வந்து பார்த்தால் நான்காவது தானாகவே கொஞ்சம் மேலே ஏறி நின்றது.

இரண்டாவது வந்தது, ஆனால் செம்பு ஸ்லீவையும் கூட்டிக்கொண்டு வந்தது. முன்பு கடப்பாரை போட்டதில் ஸ்லீவின் மேல்விளிம்பு நசுங்கி இன்ஜெக்டரைக் கவ்வியிருந்தது. தண்ணீரை வடித்திருந்ததால் சேதம் ஸ்லீவோடு முடிந்தது. ஸ்லீவின் வெளிப்புறத்தைப் பார்த்தபோது வேறொரு விஷயமும் தெரிந்தது: வெள்ளை வெள்ளையாகக் கெட்டியான உப்புப் படிவு. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை நேராக இன்ஜினுக்கு ஊற்றியிருக்கிறார்கள். நம் மாவட்டத்து நிலத்தடி நீர் எவ்வளவு கடினமானது என்று சோறு வடிக்கும் பாத்திரத்தைப் பார்த்தாலே தெரியும். படிவு ஏறிய ஸ்லீவ் சூட்டைத் தண்ணீருக்குச் சரியாகக் கடத்தாது. நாசில் நுனி அதிகம் சூடேறும், கார்பன் இன்னும் வேகமாகப் படியும்.

ஐந்தும் ஆறும்

துருப் பிடித்த இரண்டுக்கும் அவசரம் காட்டவில்லை. ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் அசிட்டோனும் சரிபாதி கலந்து ஊற்றி, மட்டம் இறங்க இறங்க மறுபடி ஊற்றினோம். கலவையை ஒவ்வொரு முறையும் குலுக்க வேண்டும், இரண்டும் தானாகச் சேர்ந்திருக்காது. அசிட்டோன் எளிதில் தீப்பிடிக்கும், அறையில் வெல்டிங் நிறுத்தப்பட்டது. இடையிடையே மற்ற நான்கில் வேலை நடக்கும்போது சூடு இவற்றுக்கும் கிடைத்தது. சூடு ஏறி இறங்கும்போது எண்ணெய் உள்ளே உறிஞ்சப்படும்.

மட்டம் இறங்கத் தொடங்கியதும் ஐந்தாவது பாதி தயார் என்று புரிந்தது. திருப்பலில் கிரீச் என்று சத்தம், செந்நிற எண்ணெய் மேலே வந்தது. 4 டன்னுக்குக் கொஞ்சம் மேல் இழுத்து வெளியே எடுத்தோம். உடம்பின் மேல்பாதி முழுக்கத் துரு, கீழ்பாதி பளிச்சென்று இருந்தது. எண்ணெய்ச் சோதனை சொன்னது இதைத்தான்.

ஆறாவது வேறு கதை. முன்பு அதை யாரோ இடப்பக்கம் திருப்பியிருக்க வேண்டும். 3 டன்னில் சுலபமாக மேலே வந்தபோதே சந்தேகம் தட்டியது. உடம்பு மட்டும் வந்தது. கேப் நட்டும் நாசிலும் குழியின் அடியிலேயே.

5 டன் வரவில்லை, ஆனாலும் எங்கள் எல்லை வந்துவிட்டது. ஹெட்டைக் கழற்றினோம். தனித்தனி ஹெட் என்பதால் செயின் பிளாக் போட்டு ஒன்றை மட்டும் தூக்க முடிந்தது, இதற்காகவே நான் கப்பல் இன்ஜினை விரும்புவேன். ஹெட் மேசையில் வந்த பிறகு கேப் நட்டின் உள்மரைக்கு ஒரு பிளக் கடைந்து மேலிருந்து இழுத்துக்கொண்டே, கீழிருந்து பித்தளைத் துண்டு வைத்து ஹைட்ராலிக் பிரஸ்ஸில் தள்ளினோம். கீழிருந்து தள்ளினால் விசை நாசில் நுனியில்தான் விழும், நாசில் வீணாகும். ஏற்கெனவே வீணான நாசில் என்பதால் தயங்கவில்லை. வந்துவிட்டது. கனெக்டர் உட்காரும் இடம் கீறிப்போன அந்த உடம்பையும் தூக்கிப் போட்டோம்.

வெளியே வந்தவை சொன்னவை

ஒன்றிலும் மூன்றிலும் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு காப்பர் வாஷர்கள். பழையதை எடுக்காமலே புதியது போட்டிருக்கிறார்கள். இது வெறும் கவனக்குறைவு என்று விட முடியாது. வாஷரின் கனம்தான் நாசில் நுனி எரியறைக்குள் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. இரண்டு வாஷர் போட்டால் நுனி மேலே ஏறிவிடும், தெளிப்பு பிஸ்டன் கிண்ணத்தில் விழ வேண்டிய இடத்தில் விழாமல் ஹெட்டின் அடியில் படும். இரண்டு வாஷருக்கு நடுவில் கசிவும் கூடும்.

இன்ஜெக்டர்கள் ஓசூரில் பம்ப் நாசில் கடைக்குப் போயின. இரண்டாவதில் ஊசி திறந்தபடியே சிக்கியிருந்தது, சோதனை மேசையில் தெளிப்பு இல்லை, தாரையாக ஒழுகியது. ஆயிலில் டீசல் கலந்ததற்குக் காரணம் அதுதான். நான்காவதில் துளைகள் பாதி அடைத்து, ஒரு பக்கம் மட்டும் தெளித்தது, தட்டல் சத்தம் அங்கிருந்து. ஆறுக்கும் புது நாசில் போட்டு, திறக்கும் அழுத்தத்தைக் கையேட்டின்படி ஒரே அளவில் வைத்தார்கள். சோதனை மேசைப் பக்கம் ஒரு எச்சரிக்கை: இந்த இன்ஜெக்டர்கள் 200 பாருக்கு மேல்தான் திறக்கின்றன. அந்தத் தெளிப்பின் முன்னால் விரலை நீட்டினால் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்தியதுபோல ஒரு புள்ளிதான் தெரியும், உள்ளே சதை அழுகத் தொடங்கும். உடனே அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டிய காயம் அது. வலி இல்லை என்று விடக் கூடாது.

திரும்பப் பூட்டியது

வாஷர் உட்காரும் இடத்தைச் சுத்தம் செய்வதில் பாதி வெற்றி இருக்கிறது. பிஸ்டனை மேலே கொண்டுவந்து, நாசில் துளையில் கிரீஸ் தடவிய துணியைத் திணித்து, கையால் திருப்பும் கட்டரில் கிரீஸ் பூசி, கார்பனை மட்டும் எடுத்தோம். டிரில் மெஷின் வேண்டாம், அது செம்பையும் சேர்த்து எடுத்துவிடும். கிரீஸில் ஒட்டிய துகள்களைத் துடைத்து, வாக்குவம் போட்டு, துணியை எடுத்து, கடைசியில் இண்டிகேட்டர் காக்கைத் திறந்து வைத்து இன்ஜினைச் சில சுற்று திருப்பினோம். குழிகளில் ஊற்றிய எண்ணெய் சிலிண்டருக்குள் இறங்கியிருந்தால் அதுவும் இப்போதே வெளியே வந்துவிடும். இதைச் செய்யாமல் ஸ்டார்ட் செய்தால், நசுங்காத எண்ணெய் மேல் பிஸ்டன் மோதி கனெக்டிங் ராடே வளையலாம்.

இரண்டாவது ஹெட்டுக்குப் புது ஸ்லீவ் ஆலங்கில் பாகம் விற்கும் வியாபாரி மூலமாக வந்தது. அதை அடித்துப் பொருத்திய பிறகு தண்ணீர் அழுத்தம் ஏற்றி, கசிவில்லை என்று பார்த்துக்கொண்டோம். மற்ற ஸ்லீவுகளையும் கூடவே சோதித்தோம், ஆறாவதன் ஹெட்டுக்குப் புது கேஸ்கெட் போட்டோம்.

ஒவ்வொரு குழிக்கும் ஒரே ஒரு புது வாஷர். வாஷரின் செம்பு மென்மையாக இருக்க வேண்டும், கடையில் வாங்கியது கெட்டியாக இருந்தால் செக்கச்சிவக்கச் சூடாக்கித் தண்ணீரில் போட்டு எடுத்தால் இளகிவிடும். புது ஓ-ரிங். உடம்பைச் சுற்றி மட்டும் காப்பர் பேஸ்ட் மெல்லியதாக, வாஷர் உட்காரும் முகத்தில் துளியும் இல்லாமல். இன்ஜெக்டரை இறக்கிக் கனெக்டரின் துளை நேராக இருக்கிறதா என்று கையால் பொருத்திப் பார்த்து, கிளாம்ப் நட்டு இரண்டையும் மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்கினோம். ஒரு பக்கத்தை முழுதாக இறுக்கிவிட்டு மறுபக்கம் வந்தால் இன்ஜெக்டர் சாய்ந்து உட்காரும், வாஷர் ஒரு பக்கம் கசியும். கனெக்டருக்குக் கடைசியில்தான் இறுதி முறுக்கு.

ஆயிலை முழுக்க மாற்றி, டீசல் பாதையில் காற்றெடுத்து, ஸ்டார்ட் செய்தோம். முதலில் கொஞ்சம் புகை, சில நிமிடங்களில் தெளிந்துவிட்டது. ஒவ்வொரு இன்ஜெக்டரின் விளிம்பிலும் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தோம், குமிழ் இல்லை. சுமை ஏற்றிய பிறகு ஆறு சிலிண்டரின் வெளியேற்ற வெப்பநிலையும் ஒன்றுக்கொன்று நெருங்கி வந்தது. ஐந்தாவது மட்டும் மற்றவற்றைவிடச் சற்றுக் குறைவாகக் காட்டியது. தெர்மாமீட்டரை நான்காவதோடு மாற்றிப் போட்டதும் குறைவும் கூடவே நகர்ந்தது, ஆகத் தெர்மாமீட்டர்தான் பழுது.

ஃபோர்மேனோடு உட்கார்ந்து எழுதிய பட்டியலில் முதல் வரி கூரை. அடுத்து, சுமை இல்லாத வாராந்திர ஓட்டம் நிறுத்தம். அதற்குப் பதில் மாதம் ஒருமுறை பாய்லர் ஃபீட் பம்பு, குளிரூட்டும் கம்ப்ரஸர் இரண்டையும் இந்த ஜெனரேட்டரில் போட்டு, இன்ஜின் நன்றாகச் சூடேறும் வரை ஓட்டம். குளிர்விக்கும் தண்ணீர் பாய்லருக்கு மென்மையாக்கும் தண்ணீரிலிருந்தே, துருத் தடுப்பு மருந்தோடு. ஹோஸ் பிடிப்பதற்கு முன்னால் தார்ப்பாய். ஓடினாலும் ஓடாவிட்டாலும் சீசன் முடிந்ததும் ஆறு இன்ஜெக்டரையும் ஒருமுறை வெளியே எடுத்து வைப்பது. இந்தக் கடைசி வரியைப் பார்த்து முதலாளி, "ஓடாததை எதுக்குத் தம்பி கழட்டணும்?" என்று கேட்டார். பதிலுக்கு ஆறாவதன் கேப் நட்டை மேசையில் வைத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, புது நாசில்களின் பில்லையும் ஒருமுறை பார்த்தார். இழுவைக் கருவியை ஆலையின் ஸ்டோரிலேயே வைக்கச் சொன்னார், பிளக்கோடு சேர்த்து.